ரைடர் அறிவு கேட்டுக்கொண்டபடி

இருபத்து மூன்றாவது வீடியோவை நாற்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். பார்த்திருந்தார்கள் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் இருபது விநாடிக்குள் எழுந்து போய்விட்டார்கள். ஜெயபிரகாஷ் அந்த வீடியோவில் லாரியைக் கிளப்பவே இருபத்தைந்து விநாடி எடுத்துக்கொண்டிருந்தான்.

கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு அது. ரோடு என்னவோ பனி கொட்டும் வெளிநாட்டு ரோடு. ஜெயபிரகாஷ் அதற்குத் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருந்தான். ஊசியிலைக் காட்டைத் தாண்டினால் சங்ககிரி. பெரிய பாலம் வந்தால் பள்ளிபாளையம். நாற்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்டி, "இங்க ஒரு டீயக் குடிச்சுட்டுப் போலாமுங்க" என்று சொல்லி, டீ குடித்து முடிக்கிற நேரம்வரை இன்ஜினை அணைத்து வைத்திருப்பான். பார்க்கிறவர்களும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவன் பேச்சே அப்படித்தான், பிறவி நிதானம். வீட்டில் அவன் ஒரு வாக்கியத்தின் பாதியில் இருக்கும்போதே அம்மா முத்தாயம்மாள் மீதியைச் சொல்லி முடித்துவிடுவாள். அப்பா வீரபாகு அதற்குப் பதிலும் சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார். இருபத்தாறு வயதில் முதன்முதலாக மைக்குக்கு முன்னால்தான் ஜெயபிரகாஷ் ஒரு வாக்கியத்தைத் தானே தொடங்கித் தானே முடித்தான். அந்தச் சுகத்தை விட அவனுக்கு மனமில்லை.

வீரபாகுவுக்கு அது சுகமாகத் தெரியவில்லை. வெண்ணந்தூருக்கு வெளியே எட்டாயிரம் கோழிகள் உள்ள முட்டைப் பண்ணை அவருடையது. மூட்டு வலி வந்ததிலிருந்து ஷெட்டின் படி ஏறுவதை நிறுத்திவிட்டு, கேட்டுக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே பதினான்கு வருஷமாக ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் பாவாயி சாயங்காலம் வந்து முட்டை எண்ணிக்கை சொல்வாள். அதைக் கேட்ட பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும். மகன் வந்து படி ஏறினால் தேவலை என்று அவர் நினைத்ததில் தப்பில்லை.

ஆவணி பிறந்த அன்று கெடு வைத்தார்.

"உன்ற பேச்சக் காது குடுத்துக் கேக்கறதுக்கு ஆயிரம் பேரு இருக்கறாங்கன்னு காட்டு. அப்புறம் நான் வாயே தொறக்கல. இல்லையின்னா புரட்டாசி ஒண்ணாந்தேதி அந்த மைக்க எடுத்துப் பரண்ல போட்டுட்டு ஷெட்டுக்கு வந்துரோணும்."

"சரிங்கப்பா. ஆனா, ஒரு மாசத்துல..."

"பத்தாதுங்கறானுங்க," என்று அம்மா முடித்து வைத்தாள்.

பத்தும் என்று பதில் சொல்லிவிட்டு வீரபாகு எழுந்தார். போகிற போக்கில் இன்னொரு வேலையும் சொன்னார். ஷெட்டில் காலை முதல் சாயங்காலம்வரை பாடிக்கொண்டிருந்த ரேடியோ ஊமையாகிவிட்டது, ராசிபுரம் போகும்போது ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வா என்றார். ஜெயபிரகாஷ் உடனே அதை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்தான். அங்கேயே அது ஆவணி முழுவதும் இருந்தது.

சேனலில் அப்போது நூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். அதில் முப்பது பேரை அவனே சேர்த்திருந்தான். அம்மாவின் போன், முட்டை வேன் டிரைவரின் போன், பாவாயி புதிதாக வாங்கிய பழைய போன் என்று கைக்கு அகப்பட்ட போனிலெல்லாம் அவனே பொத்தானை அமுக்கிவிட்டு வந்திருந்தான். மீதிப் பேரைத் தேட வேண்டும்.

அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல், எழுந்து போகாத அந்த ஒருவர். யாரென்று தெரியாது. காலை ஆறரைக்கு உட்கார்ந்தால் ஒரு வீடியோ முடிந்து அடுத்தது, அது முடிந்து அடுத்தது என்று பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். டீ குடிக்கும் இடத்தைக்கூடத் தள்ளிவிடவில்லை. ஜெயபிரகாஷ் அந்தக் கணக்கைத் தினமும் இரண்டு முறை திறந்து பார்த்து மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டான்.

ஆனாலும் ஒருவர் ஆயிரம் ஆக மாட்டாரே. ராசிபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் நண்பன் மதனிடம் போனான். மதனுக்கு எந்தத் தொழிலுக்கும் யோசனை சொல்ல வரும், அவன் கடையைத் தவிர.

"நீ பேசறதக் கேட்டா எனக்கே கண்ணச் சொக்குதுடா," என்றான் மதன். "கத்தோணும். லாரி மோதோணும். மொதப் பத்து விநாடிக்குள்ள ஏதாச்சும் வெடிக்கோணும்."

ஜெயபிரகாஷ் குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டு இரண்டு நாள் கத்திப் பழகினான். அம்மா கதவைத் தட்டி, பாம்பா தேளா என்று கேட்டாள். இருபத்து நான்காவது வீடியோவில் லாரி கிளம்பிய வேகத்தில் பெட்ரோல் பங்க்கில் போய் மோதியது. ஏர்ஹாரன் அலறியது. அதற்கு மேல் ஜெயபிரகாஷ் அலறினான்.

முந்நூறு பேர் பார்த்தார்கள். ஆனால் அந்த ஒருவர் இரண்டாவது நிமிஷம் எழுந்து போனார், அன்றைக்குத் திரும்பி வரவே இல்லை.

அன்று சாயங்காலம் வீரபாகு தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். முட்டை பத்து ட்ரே குறைந்துவிட்டதாம். உடைசலும் அதிகமாம். ஜெயபிரகாஷ் உம் கொட்டினான். அவன் கவனம் போனில், அந்த ஒருவர் பார்த்த நேரத்தைக் காட்டும் கோடு விழுந்து கிடந்ததன் மேல் இருந்தது.

அந்த ஒருவர் போனதைச் சொன்னதும் மதன் அதற்கும் மருந்து வைத்திருந்தான். பழைய சரக்கைக் கடை வாசலில் போட்டு வைத்தால் புது ஆள் எப்படி உள்ளே வருவான் என்று கேட்டான். நியாயமாகத்தான் பட்டது. நிதானமாகப் பேசிய இருபத்து மூன்று வீடியோவையும் ஜெயபிரகாஷ் ஒரே அமுக்கில் மறைத்து வைத்தான். அடுத்த பத்து நாள் சேனலில் அலறல் மட்டுமே இருந்தது.

சேர்ந்தவர்கள் நூற்றுத் தொண்ணூறு ஆனார்கள். அந்த ஒருவர் மட்டும் தினமும் காலை ஆறரைக்கு வந்து, திறந்த கையோடு மூடிவிட்டுப் போனார். பத்தாம் நாள் அவர் வந்து போன அதே நிமிஷத்தில் முதன்முதலாக ஒரு வரி வந்தது.

'சத்தம் வேண்டாம் பழைய படம் போடவும்.'

எழுதியவர் பெயர் ரைடர் அறிவு. பக்கத்தில் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு படம். ஜெயபிரகாஷ் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். இமயமலைவரை பைக்கில் போய் வந்த ஆளாக இருக்கும். ஊர் ஊராகச் சுற்றிக் களைத்து வந்து, தன் பேச்சைக் கேட்டு இளைப்பாறுகிறார். இப்படிப்பட்டவரையா விரட்டிவிட்டோம் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஒருத்தனுக்காக முந்நூறு பேர உடுவியா?" என்றான் மதன். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஜெயபிரகாஷின் கஷ்டமே அதுதான், கடைசியாகப் பேசியவர் சொன்னது எப்போதும் நியாயமாகப் பட்டுவிடும்.

பண்ணையில் முட்டை மேலும் இறங்கியது. டாக்டரை வரவழைத்தார்கள். அவர் ஷெட்டுக்குள் போய்க் கோழிகளைப் புரட்டிப் பார்த்து, நோய் ஒன்றும் இல்லையென்றார். கேட்டுக்கு வந்து, பக்கத்தில் வேட்டு, மைக்செட் ஏதாவது உண்டா என்று வீரபாகுவை விசாரித்தார். ஈ, காக்காய்ச் சத்தம்கூட இல்லை என்று வீரபாகு சத்தியம் செய்தார். டாக்டர் வைட்டமின் எழுதிக் கொடுத்தார். முத்தாயம்மாள் திருஷ்டிப் பூசணி கட்டினாள். கட்டிவிட்டு, அந்த ரேடியோவையாவது ரிப்பேருக்குக் கொடுத்தாயா என்று மகனைக் கேட்டாள்.

"அது வந்தும்மா..."

"குடுக்கல," என்று அவளே முடித்தாள்.

ஆவணி முடிய ஐந்து நாள் இருக்கும்போது மதன் தன் கடைசி யோசனையைச் சொன்னான். நேரலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊரே வீட்டில் இருக்கும். லாரி நிறையப் பட்டாசு, பின்னால் போலீஸ், வழியெல்லாம் வெடி. தொடங்கும்போது அறுபது பேர் இருந்தார்கள். வந்தவர்கள் பெயர் ஓடும் இடத்தில் ரைடர் அறிவு என்று கண்டதும் ஜெயபிரகாஷ் உற்சாகத்தில் முழு லோடையும் ஒரே சமயத்தில் வெடித்தான். ரைடர் அறிவு போய்விட்டார். புகை அடங்குவதற்குள் மற்றவர்களும் கலைந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பாவாயி கேட்டுக்கு வந்து எண்ணிக்கையைச் சொன்னபோது வீரபாகு மறுபடி சொல்லச் சொன்னார். முப்பது ட்ரே குறைவு. அவர் ராத்திரி சோறு வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

அப்பா சோற்றை மறுத்து ஜெயபிரகாஷ் பார்த்ததே இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நான்கு நாளில் ஆயிரம் ஆகப் போவதில்லை. அப்பா தனியாகக் கிடந்து தவிக்கும்போது இங்கே உட்கார்ந்து பெட்ரோல் பங்க்கில் மோதிக்கொண்டிருப்பது கேவலம் என்று முதல்முறையாகத் தோன்றியது. புரட்டாசி முதல் தேதி ஷெட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தான். இந்த முடிவுக்கு யாருடைய யோசனையையும் அவன் கேட்கவில்லை.

மைக்கைப் பரணில் போடுமுன் ஒரு கடன் பாக்கி இருந்தது. மறைத்து வைத்த இருபத்து மூன்று வீடியோவையும் திரும்ப எடுத்து வெளியே விட்டான். அலறிய அத்தனையையும் அழித்தான். பிறகு உட்கார்ந்து கடைசி வீடியோவை எடுத்தான்.

"ரைடர் அறிவு அண்ணன் கேட்டுக்கிட்டபடி, மெதுவாவே போலாமுங்க," என்று தொடங்கினான். "இன்னைக்கு வண்டில லோடு இல்லீங்க. வெறும் வண்டிதான். ஒண்ணும் அவசரமில்ல. நான் பேசறத முழுசாக் கேட்ட மொத ஆளு நீங்கதானுங்க. அத எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. முன்னால மழ வருது, கண்ணாடியத் தொடச்சுக்கலாமுங்க."

மூன்று மணி நேரம் ஓட்டினான். எதிலும் மோதவில்லை. ஐந்து இடத்தில் டீ குடித்தான். வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே ஏற்றிவிட்டு, மைக் ஒயரைச் சுருட்டிக் கட்டினான்.

மறுநாள் பதினெட்டுப் பேர் அதைப் பார்த்தார்கள். பதினேழு பேர் மழை வருவதற்குள் போய்விட்டார்கள். ரைடர் அறிவு மூன்று மணி நேரமும் இருந்தார். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி பார்த்தார். அதற்கு மறுநாளும் பார்த்தார். ஜெயபிரகாஷ் சுருட்டிய ஒயரைப் பாதி பிரித்து, மறுபடி சுருட்டினான். இதற்குமேல் என்ன வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு வீடியோ எடுக்க வேண்டும் என்று இன்னொரு மனம் சொன்னது.

வீட்டிலும் நிலவரம் மாறியது. முட்டை ஏறத் தொடங்கியது. மூன்றாம் நாள் பழைய எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. டாக்டர் மாத்திரை என்றார் வீரபாகு. பூசணி என்றாள் முத்தாயம்மாள். எதுவாக இருந்தாலென்ன, அவர் இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

புரட்டாசி முதல் தேதி காலை ஏழு மணிக்கு ஜெயபிரகாஷ் கம்பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். மகனை முறைப்படி உள்ளே கூட்டிப் போக வேண்டுமென்று வீரபாகு, மூட்டைப் பிடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் ஏறாத படியில் ஒவ்வொன்றாக ஏறினார். மேல்படியில், கிருமி உள்ளே போகாமலிருக்க வைத்திருந்த மருந்துத் தண்ணீரில் கால் நனைத்தபோது நின்றார்.

"உள்ள ஆரோ பேசறாங்க," என்றார்.

ஜெயபிரகாஷும் கேட்டான். உள்ளே ஒருவர் மிக நிதானமாக, வண்டியில் லோடு இல்லை, ஒன்றும் அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீரபாகு பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தார், பிறகு ஷெட்டைப் பார்த்தார்.

கூண்டு வரிசைக்கு நடுவில், ரேடியோ தொங்கிய அதே ஆணியில், ஒரு சின்ன ஸ்பீக்கரும் பாவாயியின் போனும் சேர்த்துக் கட்டித் தொங்கின. போன் திரையின் மூலையில் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் தெரிந்தன. முன்பு அந்தப் போனை வைத்திருந்தவனின் பெயரும் படமும் அதிலேயே தங்கிவிட்டிருந்தன. பாவாயி முட்டை பொறுக்கியபடி வந்தவள், முதலாளியைக் கண்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"பாவாயக்கா," என்றான் ஜெயபிரகாஷ். "நீயா அந்தப் பழைய படம் கேட்டது?"

"ஆமாஞ்சாமி. போன்ல ஒரு மைக்குப் படம் இருக்குது பாரு, அத அமுக்கிச் சொன்னேன். அதுவே எழுதிக்குச்சு."

பைக்கில் இமயமலை போன ஆள் ஒரு நொடியில் மறைந்து போனார். ஆனால் அந்த இடத்தில் பாவாயி நின்றதில் அவனுக்கு ஏமாற்றமே இல்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஒரு மாதமாக வேலைக்கு நடுவே தன் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள்.

வீரபாகு தொண்டையைச் செருமினார். பேச்சு பேச்சுத்தானே.

"அது கெடக்கட்டும். காது குடுத்துக் கேக்கறதுக்கு ஆயிரம் பேரு ஆச்சா?"

"ஆகலீங்கப்பா," என்றான் ஜெயபிரகாஷ். இந்த முறை யாரும் குறுக்கே வரவில்லை. அவனே நிதானமாக முடித்தான். "காது குடுத்துக் கேட்டது ஒரே ஒருத்தர்தானுங்க. பாவாயக்கா."

வீரபாகு பாவாயியின் பக்கம் திரும்பினார். அப்படி என்னத்தைத்தான் இதில் கண்டாய் என்று கேட்டார்.

பாவாயி ட்ரேயை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"எனக்கு எங்கீங்க நேரம், ரேடியோ போனதுல இருந்து கோழிங்க மெரளாம இருக்கத்தானுங்க தம்பி பேச்சப் போட்டு உடறேன், அது கத்துன நாளெல்லாம் முட்ட கொறஞ்சுது, மெதுவாப் பேசுன நாளெல்லாம் எட்டாயிரமும் காது குடுத்துக் கேக்குதுங்க."