சுடரடங்கிச் சுவாமிகளும் அரிக்கேன் லாந்தரும்

மன அமைதியின் விலை ரூபாய் இரண்டே கால். அது ஒரு தடவை உட்காருவதற்கு. முன்வரிசை என்றால் ஐந்து. ஆயுள் முழுவதற்கும் மொத்தமாக வேண்டுமென்றால் விலையை முன்கூட்டிச் சொல்வதில்லை; வாங்குகிறவர் பெண்டாட்டியின் கழுத்தைப் பார்த்துச் சொல்வார்கள்.

சரக்கு கிடைத்த இடம் கல்கத்தாவில் டாலிகஞ்ச். டிராம் போய் நிற்கும் கடைசி இடத்தில் இறங்கினால் ஒரு பழைய தோட்ட வீடு. அங்கேதான் சுடரடங்கிச் சுவாமிகள் கடை விரித்திருந்தார். இமயமலையில் முப்பது வருஷம் மூச்சை அடக்கியவராம். ஆளைப் பார்த்தால் முப்பத்தைந்துக்கு மேல் மதிக்க முடியாது. தவழ்ந்துகொண்டே மலை ஏறியிருப்பார் போலிருக்கிறது.

வியாபாரம் தெரிந்தவன் முதலில் பார்ப்பது சரக்கை அல்ல, தேவையை. 1912 கோடை அது. தலைநகரம் டில்லிக்குப் போகிறது என்று அறிவித்தாகிவிட்டது. சர்க்கார் ஆபீஸ்களில் பேனா பிடித்த நம்மவர்களுக்கு ஒரே தவிப்பு: யாரை டில்லிக்கு அனுப்புவார்கள், யாரை வீட்டுக்கு அனுப்புவார்கள்? பவானிபூரில் தமிழ்க் குடும்பம் எதிலும் தூக்கமில்லை. தூக்கமில்லாத ஊருக்குத் தலையணை விற்க வந்தார் சுவாமிகள்.

முறை மிகவும் எளிது. ஒற்றைத் திரி போட்ட குத்துவிளக்கு, எதிரே பக்தர். சுவாமிகள் யோகதண்டத்தால் தரையைத் தட்டி, "டில்லி!" என்பார். சுடர் துள்ளும். "பார் குழந்தாய், ஆடுவது சுடரல்ல, உன் மனம்!" பிறகு கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொல்வார். மெல்லக் கனைப்பார். கண்ணைத் திறந்தால் சுடர் அறைந்த ஆணி மாதிரி நிற்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வீட்டுக்குப் போனதும் மனசு மறுபடி ஆடும். மறுபடி இரண்டே கால்.

அறையும் சொர்க்கம்தான். ஜன்னலில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி. அதன் வழியே ஜிலுஜிலுவென்று வாசனைக் காற்று. ஆபீஸில் அந்தச் சுகம் துரையின் அறைக்கு மட்டும்தான். குமாஸ்தாவுக்குக் கதவிடுக்கில் கசிவதோடு சரி. இங்கே துரையைப் போலவே உட்கார்ந்து அனுபவிக்கலாம். அனுபவிக்கிற சுகத்தில், காற்று எங்கிருந்து வருகிறது என்று எவனாவது கேட்பானா?

பட்டாபிராமன் கேட்கவில்லை. கணக்கு இலாகா குமாஸ்தா, முன்வரிசை வாடிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் வந்து நின்றார்.

"ஏண்டி பாகீரதி, அந்த இரட்டைவடச் சங்கிலியை எடு. சுவாமிகள் பூர்ண தீக்ஷை தரேன்னுட்டார். அப்புறம் ஆயுசுக்கும் மனசு ஆடாதாம்."

"அது பொண்ணு ஜலஜா கல்யாணத்துக்கு வச்சது."

"மனசே சரியில்லேன்னா கல்யாணத்தை யார் பண்றது?"

கத்திரிக்காய் வாங்கினால்கூடக் காம்பைக் கிள்ளிப் பார்த்து, "இதுக்கும் சேர்த்தா காசு?" என்று கேட்கிறவள் பாகீரதி. அவள் சண்டை போடவில்லை.

"தரேன். ஆனா நானும் வரேன். சரக்கைப் பாக்காம விலை குடுக்கற வழக்கம் நம்மாத்துல கிடையாது."

சங்கிலி இடுப்பில். கையில் ஓர் அரிக்கேன் லாந்தர்.

"பட்டப்பகல்ல இது எதுக்குடி?"

"திரும்பறச்சே இருட்டிடும்."

தோட்ட வீட்டு வாசலில் பட்டாபிராமனின் ஆபீஸ் சிநேகிதர் சந்தானம் பூரித்துப் போனார். "மாமி, நீங்களும் வந்துட்டேளா! குடுத்துவச்சவா!"

"இன்னும் குடுக்கலே, சந்தானம். வச்சிண்டுதான் இருக்கேன்."

முன்வரிசையில் உட்கார்ந்தவுடனே அவள் பேரத்தை ஆரம்பித்தாள்.

"சுவாமி, மனசு எவ்வளவு தூரத்துலேர்ந்து சுடரை அசைக்கும்?"

"அம்மணி, மனத்துக்குத் தூரம் ஏது? மலையைத் துளைக்கும். மதிலைத் தாண்டும்."

"கண்ணாடியை?"

"கண்ணாடி எம்மாத்திரம்!"

கூட்டம் "ஆஹா" என்றது. கடைக்காரரே தராசைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்; இனி நிறுக்க வேண்டியதுதான்.

பாகீரதி எழுந்து, குத்துவிளக்குச் சுடரிலேயே லாந்தர் திரியை ஏற்றிக் கண்ணாடியை இறக்கினாள். "சுடர் உங்களோடதுதான், சுவாமி. கண்ணாடி வீட்டுல குடி வச்சிருக்கேன், அவ்வளவுதான்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, சொல்ல மறந்துட்டேன். காத்தால உங்க ஆபீஸ் பியூன் வந்தான். முதல்ல டில்லிக்குப் போறவா லிஸ்டுல உங்க பேராம். சந்தானம் பேரும் இருக்காம்."

பட்டாபிராமன் எகிறிக் குதித்தார். "அடிப்பாவி! இதையா மறந்தே!" சந்தானம் சுவரைப் பிடித்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ, "என் பேர் உண்டோ மாமி?" என்று அழுகுரலில் கேட்டார். அறையில் இருந்த அத்தனை மனசும் கொதித்தது.

லாந்தர்ச் சுடர் இம்மியும் அசையவில்லை.

சுவாமிகள் தண்டத்தால் தரையைத் தட்டினார். "டில்லி!" அசையவில்லை. ஓங்கித் தட்டினார். "டில்லி! டில்லி!" வெட்டிவேர்த் தட்டி படபடத்தது. குளிர்காற்று புயலாயிற்று. குத்துவிளக்கு அணைந்தது. சந்தானத்தின் அங்கவஸ்திரம் பறந்து பட்டாபிராமன் தலையில் முக்காடாக விழுந்தது. தட்டிலிருந்த விபூதி எழும்பிச் சுவாமிகளின் கண்ணையே நிறைத்தது. லாந்தர் மட்டும் சாவகாசமாக எரிந்தது.

தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வங்காள மொழியில் அலறியது: "பாபா, ஆர் பார்ச்சி நா!" இனி என்னால் முடியாது, சாமி!

சந்தானம் தட்டியைப் பிடுங்கி எறிந்தார். வெளியே ஆளுயரப் பனையோலை விசிறியோடு ஒருவன் வியர்த்து ஒழுக நின்றான். தண்டம் தட்டினால் ஓங்கி வீசுவதும், கனைத்தால் நிறுத்துவதும் அவன் உத்தியோகம்.

"அவன் என் சீடன்," என்றார் சுவாமிகள், கண்ணைக் கசக்கியபடி. "வாயு உபாசகன்."

"உபாசகனுக்கு என்ன சம்பளம்?" என்றாள் பாகீரதி. தனக்குத் தெரிந்த வங்காள மொழியில் அவனையே கேட்டாள்.

"து மாஸேர் மாய்னே பாக்கி, மா!" இரண்டு மாதச் சம்பளம் பாக்கியாம்.

எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சுவாமிகள் பணப்பையோடு பின்வாசல் வழியே ஓடி, இரைக்க இரைக்க டிராமில் தொற்றிக்கொண்டார்.

"பியூன் வரவே இல்லே. சும்மா சொன்னேன்," என்றாள் பாகீரதி.

பட்டாபிராமன் முக்காட்டை நீக்கினார். "அப்போ என் மனசு?"

"ஆடட்டுமே! வேலை போயிடுமோன்னு இருக்கறச்சே ஆடாம என்ன பண்ணும்? செத்த நாழி மூச்சை எண்ணினா இதமா இருக்குன்னா, ஆத்துலேயே எண்ணுங்கோ. உங்க மூச்சுக்கு நீங்களே வாடகை குடுப்பேளா?"

விசிறிக்காரனுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடலாமே என்றாள். இரண்டே கால் கொடுத்தவர்களுக்கெல்லாம் திடீரென்று டிராமுக்கு நேரமாகிவிட்டது.

ஆக, கணக்கு இது. அந்த வீட்டில் நிஜமாக விற்ற சரக்கு ஒன்றே ஒன்று, காற்று. அதற்கு வந்த பணம் முழுதும் சுவாமிகள் பற்று. சங்கிலி, பாகீரதியின் இடுப்பில் இருப்பு. காற்று வீசியவனுக்குப் பாகீரதி கொடுத்த ஒரு ரூபாய் வரவு. மீதிக் கூலி பாக்கி. கூடியிருந்த மற்றவர்கள் தங்கள் மூளைக்குக் கொடுக்க வேண்டிய வேலை, பிறந்த நாள் முதல் பாக்கி. வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.