கியூபா அண்ணையின் அரைக் குளிசை

பொருளாதாரத் தடையைத் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒரே மனிதர், எனக்குத் தெரிய, இத்தாலியில், பலேர்மோ நகரத்து ஒரேத்தோ தெரு வீட்டில் என்னோடு இருக்கும் கியூபா அண்ணைதான். ஆள் கியூபாவைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. நாங்கள் இரண்டு பேருமே வன்னி. சவர்க்காரம், பற்றரி, மருந்து எதையும் உள்ளே விடாத சண்டைக்காலத் தடைக்குள் கிடந்தவர்கள்.

"தடை போட்டால்தானடா மூளை வேலை செய்யும். மண்ணெண்ணெயிலை மோட்டார்சைக்கிள் ஓடின ஆக்கள் நாங்கள். கியூபா ஒருநாள் அமெரிக்காவையே முந்தும், இருந்து பார்."

ஒருநாள் அவர் கதை வியட்நாமுக்குப் போனது. "அதுவும் தடையிலை கிடந்த நாடுதான். இப்ப உன்ரை காலிலை கிடக்கிற சப்பாத்து அங்கை செய்தது."

"தடையை எடுத்தாப் பிறகுதானே அண்ணை சப்பாத்து வந்தது?" என்றேன்.

இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நான் வைத்த குழம்போடு மட்டும் கோபமில்லை.

பிறகு, நகரத்தின் கால்சாப் பகுதியில் அவர் படிக்கட்டுக் கழுவும் கட்டடத்துக்கு யொலாந்தா என்ற கியூபாக்காரி வேலைக்கு வந்தாள். அண்ணைக்குத் தலைகால் தெரியவில்லை. உங்கள் நாடு எப்போது முன்னேறும் என்று தன் ஓட்டை இத்தாலியனில் கேட்டிருக்கிறார். அவளோ, அங்கே என் அம்மாவுக்குப் பிரஷர் குளிசையே கிடைக்கவில்லை, முன்னேற்றத்தை வைத்து நான் என்ன செய்ய என்று அழுதுவிட்டாளாம்.

அன்று வீட்டுக்கு வந்தவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை இழுத்தார். நிறையப் பிரஷர் குளிசைகள், எல்லாம் பாதி பாதியாக வெட்டியவை.

"என்னண்ணை இது?"

"நான் பாதிதான் போடுறனான். மற்றப் பாதியைச் சேர்த்து வைக்கிறது. வன்னியிலை ஒரு பனடோலை நாலு பேர் பங்கு போட்டனாங்கள், மறந்திட்டியே?"

மருந்து போட்டும் அண்ணைக்குப் பிரஷர் இறங்கவில்லையே என்று டாக்டர் ஏன் ஒவ்வொரு முறையும் தலையைச் சொறிந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தடை போட்டவர்கள் அதை மறந்து கனகாலம். இந்த மனிதர் அதைத் தன் உடம்புக்குள் இன்னும் நடத்திக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அண்ணை கொண்டுபோய்க் கொடுக்க, யொலாந்தா அந்தத் தகரத்தை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பாதிகளும் தேவைப்பட்டன.

அடுத்த மாதம் அண்ணை படிக்கட்டில் விழுந்தார். பிரஷர் ஏறிப் பாரிசவாதமாம், வலது கை வராமல் போய்விட்டது. இனிக் குளிசை வெட்ட முடியாது.

"நீ வெட்டித் தாவனடா, மிச்சத்தை அவவின்ரை தாய்க்கு அனுப்புவம்" என்று காலையில் கெஞ்சுகிறார். நான் முழுக் குளிசையை வாயருகே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வேலைக்குப் போகிற பஸ் போய்விடுகிறது.

"வியட்நாம் கதையிலை நீங்கள் சொன்னதுதான் சரி அண்ணை" என்று நேற்றுச் சொன்னேன். உடனே வாயைத் திறந்து முழுக் குளிசையையும் வாங்கிக்கொண்டார். இனித் தினமும் சொல்வதாக இருக்கிறேன்.