படிக்கட்டில் நின்றவர் குறித்து

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், தங்கள் தங்கை, எங்களோடு தங்கியிருக்கும் தங்கள் தம்பி, தங்கள் மருமகள் ஆகிய நால்வரும் உடலளவில் சௌகரியம். தங்கள் இல்லத்திலும் பல் மருத்துவமனையிலும் யாவரும், நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருப்பவர்கள் உட்பட, சௌகரியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் மருமகள், அதாவது என் மகள், பள்ளியின் நாடகப் பிரிவில் இரண்டு ஆண்டுகளை முடித்துவிட்டாள். இன்னும் இரண்டு ஆண்டுகள் தொடர்வதற்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. அதில் தகப்பன் கையெழுத்திட வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். தாங்கள் வியாழக்கிழமையே வந்து, "ஆடினது போதும், ஒழுங்கா வேதியியல் படி" என்று அவளிடம் நேரில் சொல்ல வேண்டும். ஏன், அப்பன் உனக்கு வாய் இல்லையா என்று கேட்பீர்கள். என்னால் ஏன் சொல்ல முடியாது என்பதை விளக்கத்தான் இவ்வளவு தாள். கோபத்தில் எழுதவில்லை. குடிநீர் வாரியத்தில் இருபத்திரண்டு வருடம் புகார்களைப் படித்தவன் நான். கோபத்தில் எழுதிய புகார் முதல் மேசையைக்கூடத் தாண்டாது என்பதை அறிவேன்.

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் தாங்கள். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது அவள் யாரிடமும் வாய் திறக்காதவளாக இருந்தாள் என்பது நினைவிருக்கும். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லக்கூடக் குரல் வராது. ஆசிரியரும் தலை நிமிராமல் பதிவேட்டை மட்டும் பார்க்கிறவர். 'உங்கள் மகள் ஒரு மாதமாகப் பள்ளிக்கே வரவில்லை' என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைப் பள்ளியிலிருந்து கையோடு வாங்கி வந்து கொடுத்தவள் அவள்தான். அப்போது வந்திருந்த தாங்கள் சொன்னீர்கள்: "மாப்ள, இருபது வருஷமா வாயைத் திறக்க வைக்கிறதுதான் என் தொழில். நாடக வகுப்புல போடுங்க, தானா திறக்கும்." திறந்தது. எப்படி மூடுவது என்று சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டீர்கள்.

முதல் வருடம் முழுவதும் அவளை மேடையில் ஏற்றவே இல்லை. மூன்று மாதம் தரையில் படுத்து மூச்சு விடச் சொன்னார்கள். மூச்சு விடுவதற்கு ஒரு பாடத்திட்டமா என்று கேட்டேன், நாம் விடுவது தப்பாம். பிறகு அடிபடாமல் விழுவதற்குப் பயிற்சி. கீழ் வீட்டுக்காரர் ஏதோ சாவி கேட்டு மேலே வந்த நேரத்தில் இவள் கூடத்தில் தடாலென்று விழ, அவர் சாவியை மறந்து ஓடிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். அது வந்தது. வந்தவர்களுக்கு இன்னொரு முறை விழுந்து காட்ட வேண்டியிருந்தது. அப்புறம் நாற்காலி தூக்கும் வேலை. அப்புறம் மேடையின் ஓரத்தில் மறைந்து நின்று, வசனம் மறந்தவர்களுக்கு மெதுவாக எடுத்துக்கொடுக்கும் வேலை. இதுதான் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. ஒருநாள் மோட்டாரை அணைக்காமல் போனது யார் என்று எனக்கும் தங்கள் தங்கைக்கும் வாக்குவாதம். நடுவில் நான் ஒரு நொடி தடுமாறினேன். "கல்யாணமான நாள்லேருந்து..." என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. என் அடுத்த வசனம் அதுதான், மச்சான். ஒரு எழுத்து பிசகவில்லை. அடுத்தது அம்மா அழ வேண்டிய இடம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் அந்தச் சண்டையை முடிக்க எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

நல்லதும் நடந்தது, மறைக்கவில்லை. கடைக்காரர் உடைந்த பொருளைத் தந்தால் திரும்பப் போய் நிதானமாகப் பேசி மாற்றி வருகிறாள். தொலைபேசி அடித்தால் ஓடி ஒளிந்தவள் இப்போது எடுத்துப் பேசுகிறாள். வகுப்பில் 'உள்ளேன்' என்று சொன்னால் அடுத்த வகுப்பிலும் இரண்டு பேர் எழுந்து நிற்கிறார்களாம்.

வினை இந்த வருடக் கடைசித் தேர்வில் வந்தது. பிள்ளைகள் ஆளுக்கொருவரை அறுபது நாள் கவனிக்க வேண்டும். பிறகு ஏழு நிமிடம், பேச்சில்லாமல், எந்தப் பொருளும் இல்லாமல், மேடையில் அவராக இருந்து காட்ட வேண்டும். வீட்டு ஆளாகவும் இருக்கலாம். ஆனால் யாரென்று முன்னதாகச் சொல்லக் கூடாது. இதை அவள் இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்துவிட்டு, ஒரு பச்சை நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் இயல்பாகத் தும்மவில்லை.

தங்கள் தங்கை, கவனிக்கப்படுவது தான்தான் என்று முடிவு கட்டினாள். கண் மருத்துவமனையில் நாள் முழுக்க ஊரார் பார்வையைச் சோதிக்கிறவள், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிற வழக்கத்தை ஒரே நாளில் விட்டாள். குழம்பு பொங்கி வழிந்தபோதுகூட, "அடடா, வழிந்துவிட்டதே" என்று செய்தி வாசிப்பதுபோலச் சொன்னாள். தங்கள் தம்பியோ தன்னைத்தான் என்று நம்பினார். ஒன்றரை வருடமாகப் படுத்துக்கொண்டே வேலை தேடியவர், விடிந்ததும் எழுந்து முகம் மழித்து, சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டு, அவள் பார்க்கும்படி வெளியே கிளம்பினார். கிளம்பியவர் எங்காவது போயாக வேண்டுமே என்று ஒரு நேர்காணலுக்குப் போக, வேலை கிடைத்துவிட்டது. எங்களில் அதிகம் பாதிக்கப்பட்டவர் அவர்தான். இன்றுவரை தினமும் போய்வருகிறார். நான் என்னைத்தான் என்று நினைக்கவில்லை. ஆனாலும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு தடித்த சரித்திரப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன். "அப்பா, நாலு நாளா அதே பக்கம்" என்றாள். நல்ல பக்கம் என்றேன்.

இந்த இடத்தில் ஒரு விவரத்தை எழுதியாக வேண்டும். எட்டு மாதங்களுக்கு முன் எங்கள் புகார்ப் பிரிவை மூடிவிட்டார்கள். இப்போது ஜனங்கள் கைப்பேசியில் பொத்தானை அழுத்திப் புகார் செய்கிறார்கள்; இயந்திரமே வருந்துகிறது. என்னைக் கட்டடத்தின் அடித்தளத்தில் பழைய கோப்பு அறைக்கு அனுப்பினார்கள். பழைய புகார்களைப் படித்து, வைத்திருக்க வேண்டியது எது, கிழிக்க வேண்டியது எது என்று பிரிப்பது வேலை. நான் பிரித்து வைத்ததை எடுத்துப் போக இதுவரை யாரும் வரவில்லை. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. முதல் நாள் சொல்ல நினைத்தேன், அன்று தங்கள் தங்கைக்குத் தலைவலி. மறுநாள் சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் "இன்னிக்கு ஆபீஸ்ல ஒருத்தன் வந்தான் பாரு" என்று ஆரம்பித்து, அன்று படித்த இருபது வருடத்துப் பழைய புகாரை அன்றைக்கு நடந்ததுபோலச் சொல்லிவந்தேன். குழாயில் மீன் வந்ததாக எழுதியவர், அதற்குப் பெயர் வைத்து வளர்ப்பதாக அடுத்த வாரம் எழுதியது, எல்லாம். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தேர்வு நாளில் நால்வரும் நல்ல உடை உடுத்திப் பள்ளி அரங்கத்தில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தோம். "கண்ணாடி தேடுறதை மட்டும் பண்ணினாள்னா நான் எழுந்து போயிடுவேன்" என்றாள் தங்கள் தங்கை. "அக்கா, என்னைப் பண்ணினா சத்தமா சிரிச்சிடாதே" என்றார் தங்கள் தம்பி. விளக்கு அணைந்து, மறுபடி வந்தது. வெறும் மேடை. இவள் ஓர் ஓரத்திலிருந்து வந்தாள். கையில் இல்லாத ஒரு பை. அங்கே இல்லாத படிகளில் ஏற ஆரம்பித்தாள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் பையைக் கை மாற்றி, உதட்டுக்குள் படிகளை எண்ணிக்கொண்டு ஏறினாள். சபையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எந்தக் கிழவனையோ நன்றாகப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

கடைசி மாடிக்கு முந்தின திருப்பத்தில் நின்றாள். பையைக் கீழே வைத்தாள். சுவரில், அதாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில், தோளைச் சாய்த்தாள். முகத்தில் இருந்ததெல்லாம் இறங்கிவிட்டது. அப்படியே நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். அந்தச் சுவர் எனக்குத் தெரியும், மச்சான். அதில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் எந்த உயரத்தில் இருக்கிறது என்றுகூடத் தெரியும். பிறகு இல்லாத கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, ஒரு சிரிப்பைப் போட்டுப் பார்த்தாள். சரியில்லை, அழித்தாள். இன்னொன்று போட்டாள். அதுவும் சரியில்லை. மூன்றாவது நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு, மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, மணியை அழுத்தினாள். விளக்கு அணைந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வரும் என்று இத்தனை வயதில் எனக்குத் தெரியாது. தங்கள் தங்கை கைதட்டவில்லை. திரும்பி, எழுத்துப் பலகையின் கடைசி வரியை நான் வாசிக்கக் காத்திருப்பவள்போல என்னையே பார்த்தாள். தங்கள் தம்பி மட்டும், "யார் அத்தான் இது, எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு?" என்று என்னைக் கேட்டார். வாசலில் நாடக ஆசிரியை வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பேசறது யாருக்கும் வரும் சார். சும்மா நிக்கிறதுதான் வராது. யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டேன்னு கேட்டேன். தேர்வு முடிஞ்சாச்சு, இனிமே சொல்லலாம். ஆனாலும் சொல்ல மாட்டேன்னுட்டா" என்றார்.

வீட்டுப் படிக்கட்டில் தங்கள் தம்பி முன்னால் ஏறிப் போய்விட்டார். அதே திருப்பத்தில் தங்கள் தங்கை என்னை நிறுத்தி, "எத்தனை நாளா?" என்றாள். எட்டு மாதம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மகளைப் பார்த்து, உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"போன மாசம் ஒருத்தர் தண்ணி வரலைன்னு தந்தி அடிச்சார்னு சொன்னீங்கப்பா. தந்தி ஆபீஸை மூடி எத்தனை வருஷம் ஆச்சு?"

"நேரா என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா இன்னொரு கதை சொல்லியிருப்பீங்க."

ஒத்திகை முடிந்து வரும் நாட்களில், கீழ்த் திருப்பத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் உள்ளே போகும்வரை நின்றிருக்கிறாள். பார்த்ததும் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "நீங்க தயாராகிட்டு இருந்தீங்கப்பா. மேடைக்குப் போகப்போறவங்களைக் கூப்பிடக் கூடாது. எங்களுக்கு முதல் பாடமே அதுதான்" என்றாள். தங்கள் தங்கை கதவைத் திறந்து, "உள்ள வாங்க. முகத்தை மாத்த வேண்டாம்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

நடந்தது இதுதான். இப்போது தாங்களே யோசியுங்கள். இரண்டு வருடப் படிப்பில் அப்பனைக் கண்டுபிடித்தவள், இன்னும் இரண்டு வருடம் படித்தால் யாரை விட்டுவைப்பாள்? விடுமுறைக்கு நீங்களும்தான் வந்து பத்து நாள் தங்குகிறீர்கள். நான் 'வேண்டாம்' என்று சொல்ல வாயெடுத்தால், அந்த வேண்டாமுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே வாசித்துவிடுவாள். பயம்தான் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. ஆகவே அவள் வாயைத் திறந்துவிட்ட தாங்களே வந்து இதை முடித்துக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் கெட்டிப் பற்களோடும் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
பழைய கோப்பு அறையிலிருந்து,
தங்கள் அன்புள்ள மைத்துனன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குமுன், விவரங்கள் சரிதானா என்று இக்கடிதத்தைத் தங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். "படிக்கட்டு வர்ற இடத்தை இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன். அடுத்த அறையிலிருந்து மகள் வந்து, "அங்க அவசரப்படறீங்கப்பா. எழுந்து நின்னு, வயித்துலேருந்து மூச்சு எடுத்துப் படிங்க" என்றாள். நின்றுகொண்டு படித்தேன். தங்கள் தங்கை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தங்கள் தம்பி, "அத்தான், அது நீங்களா!" என்றார். மாதக் கடைசியில் பள்ளியில் பெற்றோர் நாளாம்; பெற்றோர் யாராவது ஒருவர் மேடையேறி ஏதாவது வாசிக்க வேண்டுமாம்; என் பெயரைக் கொடுத்துவிட்டாள். அவள் படிவத்தில் ஒரு கையெழுத்து, என் படிவத்தில் ஒரு கையெழுத்து, இரண்டும் போட்டாயிற்று. எனவே வியாழக்கிழமை வர வேண்டாம். மாதக் கடைசியில் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்காருங்கள். ஒரே சிக்கல், மேடையில் ஐந்து நிமிடம்தான் தருவார்கள், இந்தக் கடிதம் பதினொன்று வருகிறது. எதை எடுக்கலாம் என்று அவளைக் கேட்டேன். "மாமாவைத் திட்டுறதெல்லாம் எடுத்துடுங்கப்பா. படிக்கட்டுல மட்டும் கை வைக்காதீங்க" என்றாள். ஆகவே மேலே தங்களைக் குறித்து எழுதியவை யாவும் வெட்டப்பட்டதாகக் கொள்ளவும்.