சந்தியாகப்பரின் வாள்

புதிய வாள் அநியாயத்துக்குப் பளபளத்தது. வில்பிரட்டின் முதல் பிரச்சினை அதுதான்.

பழைய வாள் பக்கத்திலேயே கிடந்தது. மணப்பாட்டுக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோவில். அங்கே குதிரைமேல் இருக்கும் சந்தியாகப்பர் சுரூபத்தின் கையில் இருந்தது அது. ஊர்க்காரர்கள் தகரம் என்றே நினைத்திருந்தார்கள். தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்டாக இருக்கும் வில்பிரட்டுக்குப் பழைய வாள், துப்பாக்கிமுனைக் கத்தி சேர்ப்பதில் பைத்தியம். ஜெபம் பண்ணப் போனவர் ஜெபத்தை மறந்து வாளையே பார்த்தார். ஒடுங்கிய நீள அலகு, விரல்களை மறைக்கும் கிண்ணம் போன்ற கைப்பிடி, அலகின் அடியில் தேய்ந்துபோன சிலுவை முத்திரை. போர்த்துக்கீசியர் காலத்துச் சரக்கு, சந்தேகமே இல்லை.

"துருப்பிடிச்சுக் கெடக்கே உபதேசியாரே. நான் கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணித் தாரேன்" என்றார்.

கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ஜேசுபாதம் உடனே கழற்றிக் கொடுத்துவிட்டார். "திருநாளுக்கு முன்னால தந்திருங்க அண்ணாச்சி. சப்பரத்துல அவரு வெறுங்கையா நிக்கக்கூடாது, பாத்தியளா?"

நகல் கோவிலுக்கு, அசல் தன் கண்ணாடி அலமாரிக்கு. இதுதான் வில்பிரட்டின் திட்டம். திரேஸ்புரத்தில் படகுக்கு இரும்புச் சாமான்கள் அடிக்கும் சுடலைக்கண்ணன், சிலுவையின் தேய்மானம் வரைக்கும் அச்சாக நகல் அடித்துக் கொடுத்தான். பளபளப்பு மட்டும்தான் இடித்தது.

வில்பிரட் நகலைக் கடல்தண்ணீரில் முக்கி மொட்டை மாடியில் காயவைத்தார். துரு பிடித்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்தது. அசல் நேற்றுச் செய்ததுபோலவும், நகல் அதற்குத் தாத்தா போலவும் ஆகிவிட்டன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மறுபடி மின்னியது. மறுபடி முக்கினார். கடைசியில் இரண்டும் ஒன்றுபோல வந்தபோது அவருக்கே புல்லரித்தது. அடையாளத்துக்கு அசலின் பிடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, இரண்டையும் மாடியிலேயே போட்டுவிட்டு, துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட கன்டெய்னரைப் பார்க்க ஓடினார்.

திரும்பி வந்தபோது மாடியில் ஒன்றுமில்லை.

"ஏளா பிளாரன்ஸ்! வாள் ரெண்டும் எங்க?" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"உள்ள இருக்கு. ரெண்டையும் புளி போட்டுத் தேய்ச்சு, எண்ணெய் தடவி, சேலைத்துணியில சுத்தி வச்சிருக்கேன். கோவில் சாமான இப்படியா வெயில்ல போடுவிய?"

"சிவப்பு நூலு ஒண்ணு கட்டியிருந்தேனே?"

"அந்த அழுக்கு நூலா? அறுத்துத் தூரப் போட்டுட்டேன்."

"எது எந்தப் பக்கம் கெடந்துச்சு?"

"பொண்ணு மாப்பிள்ளையா, வலது இடது பாத்து வைக்கதுக்கு?"

லென்ஸ் வைத்துப் பார்த்தார். முத்திரையும் ஒன்று, தேய்மானமும் ஒன்று. சமையலறைத் தராசில் நிறுத்தார். எடையில் ஒரு இம்மி வித்தியாசம் இருந்தது. ஆனால் அசலை முன்பு நிறுத்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு சுடலைக்கண்ணனிடம் போனார்.

"இதுதான் நான் செஞ்சது" என்றான் அவன், பார்த்த மாத்திரத்தில். வில்பிரட் மூச்சு விட்டார். அதற்குள் அவன் மற்றதை எடுத்து ஒரு வீச்சு வீசிவிட்டான். "ஏ, இல்ல அண்ணாச்சி! இதுல்லா என் வேல! என்னமா அடிச்சிருக்கேன் பாருங்க!" பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "ஒண்ணு செய்வமா? அலக அறுத்துப் பாத்தா தெரிஞ்சிரும்."

வில்பிரட் வாள்களைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஜேசுபாதம் போன் பண்ணினார். நாளைக்குச் சப்பரம்.

சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பரப்பி வைத்து, சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். எது பழசு, எது புதுசு என்று ஊருக்கெல்லாம் சொன்ன கண் இது. அதற்கே தெரியவில்லை என்றால், தான் ஆசைப்பட்டதுதான் எதற்கு? ஒன்றை அலமாரியில் வைக்கலாம். அது அசலாக இருந்தால் அவர் திருடன். நகலாக இருந்தால் முட்டாள். இரண்டில் எது என்று தெரியாமலே ஒவ்வொரு காலையும் அதன் முகத்தில் விழிக்க வேண்டும்.

"மூஞ்சியத் தொங்கப்போட்டு என்ன யோசன?" என்றாள் பிளாரன்ஸ்.

எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் வாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டையும் கொண்டுபோய்க் குடுத்திருங்க. தன்னோடது எதுன்னு சந்தியாகப்பருக்குத் தெரியும்லா."

மறுநாள் கோவிலில் சப்பரத்துக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்த ஜேசுபாதத்தைத் தனியே அழைத்து, வில்பிரட் ஒன்றுவிடாமல் சொன்னார். "பங்குச் சாமியார்ட்ட நீங்களே சொல்லிருங்க. என்ன தண்டனை குடுத்தாலும் சரி."

ஜேசுபாதம் கோபப்படவில்லை. கைக்கு வந்த ஒரு வாளை எடுத்துச் சந்தியாகப்பரின் கையில் மாட்டினார். மற்றதை எடுத்துக்கொண்டு, "உள்ள வாங்க" என்று பீடத்துக்குப் பின்னால் இருந்த அறைக்கு அழைத்துப்போனார். அங்கே கிடந்த நீளமான மரப்பெட்டியைத் திறந்தார்.

பெட்டி நிறைய வாள்கள், கூடையில் மீன் அடுக்கியதுபோல. எல்லாவற்றிலும் அதே கிண்ணப் பிடி. எல்லாவற்றிலும் அதே தேய்ந்த சிலுவை.

"உபதேசியாரே... இதெல்லாம் என்ன?"

கையிலிருந்ததை அவற்றின்மேல் வைத்துவிட்டு ஜேசுபாதம் பெட்டியை மூடினார்.

"இதுக்கு முன்னால சுத்தம் பண்ணித் தாரேன்னு கொண்டுபோனவுகளும், அண்ணாச்சி, ரெண்டாத்தான் திருப்பிக் குடுத்தாவ."