நாலு எலுமிச்சம்பழமும் எதிர்க்கடையும்

அன்னைக்கு எனக்கு இருந்த ஒரே வேலை, செம்புத் தகடு வாங்குறது.

தொண்ணூறுகள்ல மாலத்தீவுல ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் டீச்சரா இருந்தேன். அங்க கடல் இருக்கு, மீன் இருக்கு, ஆணி வாங்கக்கூட கடை கிடையாது. லீவுக்கு ராஜபாளையம் கிளம்பும்போதே ஹெட்மாஸ்டர் கறாரா சொல்லிட்டாரு: இன்ஸ்பெக்‌ஷனுக்கு எலுமிச்சம்பழத்துல கரண்டு எடுத்துக் காட்டணும், இல்லேன்னா அடுத்த வருசம் வேலை இல்ல.

ஆணி, வயர், பொடி சிவப்பு எல்.இ.டி. பல்பு எல்லாம் வாங்கியாச்சு. அங்க கிடைக்குமோ கிடைக்காதோன்னு எலுமிச்சம்பழமும் பை நிறைய வாங்கிக்கிட்டேன். சாயங்காலம் திருவனந்தபுரம் பஸ், அங்கயிருந்து மாலத்தீவுக்கு பிளேன். தகடுதான் பாக்கி.

பாத்திரக்கடை அண்ணாச்சி தகடை எடுத்தாரு. பொறவு என் பைக்குள்ள எட்டிப் பார்த்தாரு. எலுமிச்சம்பழம். ஆணி. எடுத்த தகடை மறுபடி உள்ள வச்சிட்டாரு.

"யாருக்குத் தாயி வைக்கப் போறீக?"

அப்பதான் எனக்கு உறைச்சிது. செய்வினை வைக்கிற சாமான் அம்புட்டும் என் பைக்குள்ளதான் இருக்கு!

நான் ஒரு கூறுகெட்டவ. பதறிப்போயி, "பிள்ளைகளுக்குத்தான் அண்ணாச்சி, ஒரு கிளாஸ் முழுக்க"ன்னுட்டேன்.

மனுசன் ரெண்டடி பின்னால போயிட்டாரு. பச்சப் பிள்ளைகளுக்குப் போயி வைப்பாகளா, அந்தப் பாவம் என் கடைக்கு வேண்டாம்னுட்டாரு. குத்துவிளக்கு பார்த்துக்கிட்டு இருந்த ஒரு அம்மா மெல்ல வெளிய நழுவிட்டாக. பஸ்ஸுக்கு நேரமாகுது, வேற கடையிலயும் ஏற்கெனவே கேட்டாச்சு, தகடு இல்ல.

சரி, செஞ்சே காட்டிருவோம். கெஞ்சிக் கூத்தாடி ஒரு தகடை வாங்கி, துண்டு துண்டா கத்தரிச்சு, நாலு பழத்துல ஆணியும் தகடுமா குத்தி, வயரைச் சுத்தினேன். பல்பு லேசா எரிஞ்சிது. இதுக்குப் பேருதான் அண்ணாச்சி சயின்ஸுன்னு பெருமையா நிமிர்ந்தேன்.

அவரு கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்காரு. கேட்டதுக்கு மேலயே தகடு கட்டிக் குடுத்தாரு. பொறவு குரலைத் தாழ்த்தி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பாத்திரக்கடையைக் காட்டினாரு.

"அவனுக்கு ஒண்ணு வச்சிட்டுப் போங்க தாயி."

விளக்கம் சொல்ல ஏது நேரம். குத்தின நாலு பழத்தையும் அப்படியே அவர் கையில குடுத்துட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டேன். தீவுல பல்பு எரிஞ்சிது, என் வேலையும் தப்பிச்சிது.

அடுத்த லீவுக்கு வந்தா, எதிர்க்கடை பூட்டிக் கிடக்கு. ஐயையோ, பலிச்சே போச்சோன்னு அக்கம்பக்கத்துல ஓடினேன். விசாரிச்சா, அவுக வியாபாரம் பெருகி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இதைவிடப் பெரிய கடை போட்டுட்டாகளாம். நம்ம அண்ணாச்சி என்னைப் பார்த்து முறைச்ச முறை இருக்கே!

நான் சரியாத்தான் குத்திக் குடுத்தேன். பிளஸ்ஸையும் மைனஸையும் அவருதான் மாத்தி வச்சிருக்காரு.