சுத்தியல் பேசாத நாற்பது நிமிடங்கள்

"இன்னொரு தடவை சொல்லுங்கக்கா, சரியாக் கேக்கலை" என்றாள் மேக்கப் போடும் பெண்.

"பவுடர் போதும்" என்றுதான் மறுபடியும் சொன்னார் சுத்தியல். வெளியே வந்தது எண்ணெய் காணாத கதவின் சத்தம்.

தொலைக்காட்சியில் இருபத்திரண்டு வருடமாக அரசியல்வாதிகளைக் கேள்வி கேட்கும் பெண்மணிக்கு 'சுத்தியல்' என்பதைவிட மரியாதையான பட்டப்பெயர் கிடைக்காது. இடுப்பளவு வெள்ளத்தில் மைக்கோடு நின்று தொழிலைத் தொடங்கியவர். இதுவரை நான்கு மந்திரிகள் அவர் பேட்டியிலிருந்து பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள். ஒருவர் மைக்கைக் கழற்ற மறந்து, நாற்காலியையும் இழுத்துக்கொண்டு போனார். யாரையும் ஒரு வாக்கியத்தை முழுசாக முடிக்க விட்டதில்லை என்பது சுத்தியலின் பெருமை. முந்தின நாள் விவாதத்தில் ஏழு பேரை ஒரே சமயத்தில் முடிக்க விடாமல் செய்ததில் தொண்டை கட்டிக்கொண்டது.

பதினொரு மணிக்குப் பொதுப்பணி மந்திரியுடன் நேரலைப் பேட்டி. ஒரு வாரமாக விளம்பரம் ஓடுகிறது. இப்போது மணி பத்து.

நியாயமாகச் சொன்னால், காலையில் அவரிடம் முக்கால் குரல் இருந்தது. வைத்தியம் ஆரம்பித்த பிறகுதான் அது குறையத் தொடங்கியது. மேக்கப் பெண் வெந்நீரில் தேன் கலந்து கொடுத்தாள்; குரல் பாதியாயிற்று. கேமராக்காரர் பையிலிருந்து ஒரு தொண்டை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார், நாக்கு மரத்துப்போனது. "பாட்டுப் பாடுறவங்க அடிச்சுக்கிற மருந்து மேடம், கல்லும் பாடும்" என்று நிகழ்ச்சி இயக்குநர் ஒரு புட்டியைக் கொண்டுவந்து தொண்டைக்குள் மூன்று தடவை பீய்ச்சினார்.

"இப்பப் பேசுங்க."

சுத்தியல் வாயைத் திறந்தார். தொட்டியில் மீன் பேசுவது போல இருந்தது.

"ரெண்டு தடவையோட நிறுத்தியிருக்கலாமோ" என்றார் இயக்குநர்.

அந்த நேரம் பார்த்து, வானிலை வாசிக்கும் பெண் முழு மேக்கப்போடு எட்டிப் பார்த்தாள். "சும்மா இந்தப் பக்கமா வந்தேன். மந்திரியோட ஃபைலைக்கூட நேத்தே படிச்சுட்டேன். சும்மாதான்."

சுத்தியல் ஒரு காகிதத்தை இழுத்து, 'அந்த நாற்காலியில் நான்தான் உட்காருவேன்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். 'ஒரே ஒரு நாளைக்கு' என்று அதில் உட்காரும் புது முகம் அப்புறம் எழுந்திருக்காது. அவரே அப்படி உட்கார்ந்தவர்தான்.

இயக்குநர் தலையைச் சொறிந்தார். "சரி, கேமராவை முழுக்க மந்திரி மேலயே வெச்சுடறேன். வரவேற்பை எழுத்துல ஓட்டிடலாம். நீங்க கேக்குற மாதிரி வாயை மட்டும் அசைங்க. அவரு முழிச்சா, மைக் கோளாறுன்னு விளம்பரத்தைப் போட்டுடலாம்."

மந்திரி வந்து உட்கார்ந்தார். அவருடைய உதவியாளர் ஓரமாகக் கைகட்டி நின்றார். விளக்குகள் எரிந்தன.

சுத்தியல் வாயசைத்தார். கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி: புதுப் பாலம் எப்போது திறக்கும்?

மந்திரி முன்னால் குனிந்து அவர் முகத்தையே பார்த்தார். விளம்பரப் பொத்தானின் மேல் இயக்குநரின் விரல் இருந்தது.

"எடுத்த எடுப்புலயே அதுக்கு வந்துட்டீங்களே" என்றார் மந்திரி. "அந்தக் கான்ட்ராக்ட் என் மச்சானுக்குப் போனது வாஸ்தவம்."

இயக்குநர் விரலை எடுத்துவிட்டார்.

சுத்தியலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'என்னது?' என்று வாயசைத்தார்.

"சரி, நீங்க விடமாட்டீங்க. எட்டுத் தூண் வரவேண்டிய எடத்துல ஆறுதான் போட்டோம். வண்டிங்க கொஞ்சம் மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது."

மந்திரியின் நெற்றி வியர்த்து வழிந்தது. மனுஷன் மயங்கி விழுந்துவிடப் போகிறாரே என்று பதறி, சுத்தியல் தண்ணீர் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

மந்திரி கிளாஸைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "தண்ணித் தொட்டி விஷயமும் தெரிஞ்சுபோச்சா?"

"அசையாதீங்க மேடம்" என்று காதுக்குள் இயக்குநர் கெஞ்சினார். "மூச்சைக்கூட மெதுவா விடுங்க."

நாற்பது நிமிடத்தில் ஒரு பாலம், ஒரு தொட்டி, இரண்டு பள்ளிக்கூடக் கூரை, கட்டவே கட்டாத ஒரு பேருந்து நிலையம் எல்லாம் வெளியே வந்தன. மாலை நான்கு மணிக்கு மந்திரி பதவி விலகினார். வானிலைப் பெண், நாளை மேகமூட்டம் என்று வாசித்தாள்.

மறுநாள் பத்திரிகைகள் சுத்தியலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. 'ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மந்திரியை வீழ்த்தினார்' என்றது ஒன்று. தொலைக்காட்சியின் நிர்வாகியே நேரில் இறங்கி வந்து, "அடுத்த வாரமும் பேசாதீங்க, சம்பளத்தைப் பத்திப் பேசுவோம்" என்றார். மூன்றாம் நாள் குரல் திரும்பியது. சுத்தியலுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அதற்குள் இதழியல் கல்லூரி ஒன்று அவரை உரையாற்ற அழைத்திருந்தது. 'மௌனமே மிகக் கூர்மையான கேள்வி' என்று முதல் வரியை எழுதிவிட்டார். குரல் போன கதையை உரையில் சேர்ப்பதாக இல்லை. யோசிக்க யோசிக்க, அன்றைக்குப் பேச வேண்டாம் என்று தாமே முடிவு செய்ததாகத்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.

அப்போதுதான் மாஜி மந்திரியின் உதவியாளர் அறை வாசலில் வந்து நின்றார். வழக்குக்காகப் பேட்டியின் பதிவை வக்கீல் கேட்கிறாராம்.

"தாராளமா வாங்கிட்டுப் போங்க" என்றார் சுத்தியல். பெருந்தன்மையோடு ஒரு நாற்காலியும் காட்டினார். "ஐயா என்ன சொல்றாரு? எத்தனையோ பேட்டி கொடுத்தவரு. என் மௌனத்தை மட்டும் அவரால தாங்க முடியலை, இல்ல?"

உதவியாளர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மௌனமாம்மா? உங்க வாய் அசையுது, சத்தம் வரலேன்னதும், தன் காது மிஷின்தான் நின்னுபோச்சுன்னு ஐயா முடிவு பண்ணிட்டாரு. வெளியில சொன்னா மானம் போயிடுமேன்னு, நீங்க கேட்டிருப்பீங்கன்னு தோணினதுக்கெல்லாம் உத்தேசமா பதில் சொல்லிட்டு வந்தாரு. வாசல்ல கார் ஹாரன் காதைப் பொளந்தப்பதான் மிஷின் நல்லாத்தான் இருக்குன்னு அவருக்கே தெரிஞ்சுது."