பச்சைத்தோல் லாரியில் ஜலகம்பாறை

இந்த ஜென்மத்தில் அருவித் தண்ணீர் என் தலையில் விழக்கூடாது என்று சங்கல்பம் செய்திருந்தவன் நான். எனக்குக் குளியல் என்றால் தவலை தளதளவென்று கொதிக்க வேண்டும். விளாவுகிற பச்சைத் தண்ணீர் ஒரு சொம்பு கூடினாலும் ஜுரம் வந்துவிடும். ஆம்பூர் வெயிலிலேயே இந்தக் கதி. கார்த்திகை மாசத்து அருவியை நினைத்தால் பல் தந்தியடிக்கிறது.

என் போதாத காலம், எங்கள் தோல் பதனிடுகிற ஷாப்பு முதலாளி அப்துல் வஹீத் சாயபுக்குச் சீமையிலிருந்து ஒரு பத்திரிகை வந்தது. அவர் பார்த்துப் போட்டதை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொலைத்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரன் வீட்டையே வண்டிக்குள் வைத்து அருவிப் பக்கம் நிறுத்தியிருந்தான். உள்ளே கட்டில், அடுப்பு. என் மனைவி பங்கஜம் அந்தப் படத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டினாள்.

"இன்னாங்க, நாமளும் இப்படி ஜலகம்பாறை அருவிக்குப் போய் ரெண்டு நாள் தங்கலாமே. சாயபுகிட்ட புது வேன் இருக்குது. கணக்கப்பிள்ளை நீங்க கேட்டா இல்லேன்னுவாரா?"

சொல்ல மாட்டார். அதுதான் என் பயமே. முடியாது என்று பங்கஜத்திடம் சொல்லவும் எனக்குத் தைரியம் கிடையாது. ஒரு தடவை சொன்னேன். ஒரு வாரம் ரசத்தில் உப்பில்லை.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. ஷாப்பில் இன்னொரு வண்டி உண்டு. உரித்த தோலை உப்புப் போட்டு ஊர் ஊராக வாரிக்கொண்டு வருகிற பச்சைத்தோல் லாரி. அது தெருவில் திரும்பினால் மனிதர்கள் உள்ளே ஓடுவார்கள், நாய்கள் வெளியே ஓடிவரும். அதில் ஏற்றினால் பங்கஜம் வாணியம்பாடி தாண்ட மாட்டாள். அருவி ஆசை அத்தோடு ஒழிந்தது. பலே லோகநாதா என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

புது வேன் பெங்களூர் போயிருக்கிறது என்று வீட்டில் புளுகிவிட்டு, சாயபிடம் லாரியைக் கேட்டேன். அவர் தாடியைத் தடவிச் சிரித்துக்கொண்டே சரி என்றார். ஏன் சிரித்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஷாப்பு லீவு. டிரைவர் நசீர் அகமது லாரியைக் கழுவி, வைக்கோல் பரப்பி, தார்ப்பாய் கட்டிக் கொண்டுவந்தார். கழுவினதில் நாற்றம் தூங்கி எழுந்த மாதிரி இன்னும் தெம்பாக இருந்தது. பங்கஜம் மெத்தை, ஸ்டவ், கூஜா, முறுக்கு டின் சகிதம் ஏறி உட்கார்ந்தாள். மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

வாணியம்பாடியும் தாண்டியது. நான்தான் துண்டை எடுத்து மூக்கைக் கட்டிக்கொண்டேன்.

"நாத்தம் ஜாஸ்தியா கீது பங்கஜம். உனக்கு ஒத்துக்காது, திரும்பிடலாம்."

"எனக்கின்னா? எங்கப்பா பேர்ணாம்பட்டுல தோலுக்கு உப்புப் போடற கிடங்குல மேஸ்திரி. சின்ன வயசுல இந்த வாசனை வந்தா, அப்பா வந்துட்டார்னு வாசலுக்கு ஓடுவேன்."

மாமனாரின் உத்தியோகம் எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. நான் தோல் ஷாப்புக்காரன்தான், ஆனால் உட்காருவது ஊதுபத்தி எரிகிற கணக்கு ரூமில். திருப்பத்தூர் வருவதற்குள் ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன். அவள் எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

ஜலகம்பாறையில் ஏகக் கூட்டம். காற்று கூட்டத்துப் பக்கம் வீசுகிற இடமாகப் பார்த்து லாரியை நிறுத்தச் சொன்னாள் பங்கஜம். அவ்வளவுதான். ஒரு கல்யாண கோஷ்டி புளியோதரை அண்டாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. ஒருத்தர் பாதி சோப்போடு ஓடினார். அப்புறம் அந்த அருவி பங்கஜத்துக்கு ஒண்டியாக விழுந்தது. பட்டா வாங்கினவள் மாதிரி சாயங்காலம் வரை குளித்தாள். நான் தலைவலி என்று லாரியிலேயே கிடந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. சூடாகக் காபி கொடுத்து, வாந்தி எடுத்த உடம்பு சூடு தணியட்டும் என்று நல்லெண்ணெய் வைத்துவிட்டாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை. என்ன சுகம். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு வெந்நீர் கேட்டேன்.

"மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சுங்க."

விறகு பொறுக்கலாமே என்றேன். எல்லாம் மழையில் நனைந்து கிடக்கிறதாம்.

"அப்ப ஊருக்குப் போய்க் குளிச்சுக்கறேன்."

"எண்ணெய்த் தலையோட எதிர்ல வந்தா சகுனம் ஆகாதுன்னு ஊரே கல்லால அடிக்கும். நாத்தம் தாங்கலன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப அது உங்கமேலயே ஏறியிருக்குது. அருவியில போய் நில்லுங்க."

எண்ணெய் கண்ணில் இறங்கியது. வைக்கோல் முதுகில் ஒட்டியது. லாரியின் ஈக்கள் எல்லாம் என்மேல் குடிவந்தன. போய் நின்றேன். நான் போட்ட கூச்சல் ஏலகிரி உச்சிக்குக் கேட்டிருக்கும்.

வெடவெடவென்று வெளியே வந்ததும் நசீர் பாய் துண்டை நீட்டினார். இந்த லாரியைக் கேட்டது என் புத்திகெட்டதனம் பாய் என்றேன்.

"நீங்க எங்க சார் கேட்டீங்க? அம்மா புதன்கிழமையே சாயபுகிட்ட சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் வந்து பச்சைத்தோல் லாரிதான் கேப்பார், குடுத்துடுங்க, கூட்டமும் கலையும், அவரும் குளிப்பாருன்னு. மண்ணெண்ணெய் டின்கூட என் சீட்டுக்கு அடியிலதான் இருக்குது. அடுத்த மாசம் ஒகேனக்கலுக்கும் இதே லாரிதானாம்."

நான் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி அருவிக்குள் போய் நின்றுகொண்டேன். அங்கே அழுதால் தெரியாது.